தமிழ் விவிலியத்தின் வெற்றியும் தோல்வியும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் மெதடிஸ்த தேவாலயமும் கத்தோலிக்கரின் புனித மரியாள் பேராலயமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஞாயிறு காலையில் இரண்டிலும் வேதம் வாசிக்கப்படுகிறது. பல ஞாயிறுகளில் நற்செய்திப் பகுதிகூட ஒன்றாகவே அமைந்துவிடும். ஆனால் காதில் விழும் தமிழ் ஒன்றல்ல. மெதடிஸ்தர் தேவன், கர்த்தர், பரிசுத்த ஆவி என்று கேட்கிறார்கள். கத்தோலிக்கர் கடவுள், ஆண்டவர், தூய ஆவி என்று கேட்கிறார்கள். முன்னவர் வாசிப்பது ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871இல் முழுமையாக வெளியான ஐக்கிய மொழிபெயர்ப்பு. பின்னவர் வாசிப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு. ஒரே ஊரில், ஒரே மொழி பேசுகிறவர்களிடையே, பழையது ஓரிடத்தில் அசையாமல் நிற்கவும் புதியது மற்றோரிடத்தில் எளிதாகக் குடியேறவும் காரணம் என்ன? புரட்டஸ்தாந்தர் பழமைப் பிடிப்பாளர், கத்தோலிக்கர் மேலிடத்துக்குக் கட்டுப்படுவோர் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். வரலாற்றுச் சான்றுகள் அவ்விளக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு விவிலிய மொழிபெயர்ப்பின் தலைவிதி அதன் பிழையின்மையாலோ தமிழின் அழகாலோ முடிவாவதில்லை; எந்தச் சந்தர்ப்பத்தில் அது உரக்க வாசிக்கப்படுகிறது, அந்தச் சந்தர்ப்பம் நிலைத்திருக்கிறதா மாறுகிறதா என்பதால்தான் முடிவாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதை ஆராய மட்டக்களப்பு வாய்ப்பான இடம். தமிழ் விவிலியத்தின் வரலாறு வழக்கமாக மொழிபெயர்ப்பாளரின் மேசையிலிருந்தே எழுதப்படுகிறது. தரங்கம்பாடி, வேப்பேரி, பாளையங்கோட்டை, யாழ்ப்பாணம், திண்டிவனம் என்று அந்த மேசைகளின் வரிசை நீளும். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராக இருந்த சபாபதி குலேந்திரன் 1967இல் வெளியிட்ட கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு இத்துறையின் அடிப்படை நூல். அதன் கவனமும் பெரும்பாலும் யார் மொழிபெயர்த்தார், எந்த மூலத்திலிருந்து, எவ்வளவு செம்மையாக என்பதில்தான். மட்டக்களப்பில் முழு விவிலியம் எதுவும் மொழிபெயர்க்கப்படவில்லை. இங்கே எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. சில தங்கின, சில வந்த வழியே போயின. எது தங்கியது, எது போனது என்று பார்க்க, ஆக்கிய இடத்தைவிட ஏற்ற இடமே தெளிவாகக் காட்டும்.

தமிழில் கிறித்தவ எழுத்து அச்சேறியது விவிலியமாக அல்ல, வாயால் சொல்லிக் காதால் கேட்கும் மன்றாட்டாக. 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் சிறுநூலும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான அன்றிக்கே அன்றீக்கசின் தம்பிரான் வணக்கமும் ஞானோபதேச நூல்கள்தாம். கூட்டமாகச் சொல்லிப் பழகுவதற்கென்றே அவை எழுதப்பட்டன. இலங்கையில் இந்தக் கேட்கும் மரபை வளர்த்தவர் 1705இல் வந்த கோவா நாட்டுத் துறவி யாக்கோமே கொன்சால்வெஸ். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில் ஞாயிற்று நற்செய்திகளுக்கு விளக்கம் தரும் சுவிசேஷ விரித்துரையையும், தவக்காலத்தில் பாடுகளைச் சொல்லி அழுவதற்கான வியாகுலப் பிரசங்கத்தையும் அவர் தமிழில் இயற்றினார். முழு விவிலியத்தைத் தமிழில் பார்த்தறியாத கத்தோலிக்கத் தலைமுறைகள் இயேசுவின் பாடுகளை இத்தகைய உரைநடை வழியாகவே கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டன. மறுபக்கம் ஒல்லாந்தர் நூலை நம்பினார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயஸ் மத்தேயுவைத் தமிழாக்கினார். கொழும்பில் 1730களில் நிறுவப்பட்ட அவர்களின் அச்சகம் 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. கொழும்பில் பிறந்து ஒல்லாந்த சபையின் குருவான பிலிப்பு தெ மெல்லோ அப்பணியில் முக்கியமானவர். ஆயினும் 1796இல் ஆங்கிலேயர் வந்து ஒல்லாந்தரின் சபை அமைப்பு சரிந்ததும், பதிவேட்டில் ஆயிரக்கணக்கில் இருந்த புரட்டஸ்தாந்தர் விரைவாகக் கலைந்துபோயினர். அவர்களோடு அந்தத் தமிழ்ப் புதிய ஏற்பாடும் போயிற்று. நூலில்லாத கத்தோலிக்கம் தங்க, நூலிருந்த ஒல்லாந்த மதம் தங்கவில்லை என்பது இவ்வரலாற்றின் முதற் பாடம்.

தமிழ்நாட்டுக் கரையில் கதை வேறாக நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தொலொமேயு சீகன்பால்க் 1708இல் புதிய ஏற்பாட்டைத் தொடங்கி 1711இல் முடித்தார். 1714இல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் அங்கேயே அச்சாயின. இந்திய மொழி ஒன்றில் வந்த முதல் புதிய ஏற்பாடு அதுவே. 1719இல் அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்து வரை வந்திருந்தது. பெஞ்சமின் சூல்ட்சே 1728க்குள் அதை முடித்தார். அடுத்து வந்த யோவான் பிலிப்பு பப்ரிசியஸ் வேப்பேரியில் இருந்துகொண்டு முழு வேதாகமத்தையும் திரும்ப ஆக்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அச்சேறியது. அவர் கீர்த்தனங்களையும் ஜெபங்களையும் தமிழாக்கியவர் என்பதை மறக்கக்கூடாது. தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் லுத்தரன் சபையார் பாடியதும் ஜெபித்ததும் வாசித்ததும் ஒரே தமிழாக இருந்தது. அந்தத் தமிழில் கைவைத்தவர் சார்ல்ஸ் ரேனியஸ். திருநெல்வேலியில் பணியாற்றிய அவர், மொழிபெயர்ப்பு எப்படி இருக்கவேண்டும் என்று கொள்கை விளக்கமே எழுதியவர். மூலத்தின் சொற்றொடரைப் பிடித்துத் தொங்காமல் தமிழின் போக்கில் எழுதவேண்டும் என்பது அவர் நிலை. 1833இல் வெளியான அவருடைய புதிய ஏற்பாடு பப்ரிசியசைவிடச் சரளமானது என்பதை எதிரிகளும் மறுக்கவில்லை.

எதிர்ப்பு வந்த இடம்தான் கவனிக்கத்தக்கது. தஞ்சைக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிகள் மேல் சாட்டிய கொடுமைகள் நான்கு. வேதத்தின் வாசகத்தை மாற்றியது, கோயிலில் சாதி பாராமல் உட்காரச் சொன்னது, திருமணத்திலும் திருநாளிலும் பூவை விலக்கியது, தமிழ்ப் பாட்டையும் இசையையும் நிறுத்தியது. இந்த நான்கில் சாதி பற்றிய முறையீட்டை இன்று யாரும் நியாயப்படுத்த முடியாது. அதற்காக அவர் மேல் விழுந்த கண்டனம் தகும். ஆனால் நான்கும் ஒரே பட்டியலில் வருவது ஏன் என்று கேட்கவேண்டும். சாஸ்திரியாருக்கு வேத வாசகம் தனியான நூற்பொருளாகத் தெரியவில்லை. பூ, பாட்டு, உட்காரும் வரிசை ஆகியவற்றோடு சேர்ந்த வழிபாட்டின் ஓர் உறுப்பாகவே தெரிந்தது. ரேனியஸ் இலக்கண நியாயம் பேசினார். சாஸ்திரியார் பேசியது வழிபாட்டின் நியாயம். இருவரும் ஒருவரை ஒருவர் தவறவிட்டதில் வியப்பில்லை.

மட்டக்களப்பு இந்த வரலாற்றுக்குள் நேரடியாக நுழைவது 1814இல். வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனரிக் குழுவுக்குத் தலைமை தாங்கிவந்த தோமஸ் கோக் இந்தியப் பெருங்கடலில் கப்பலிலேயே இறந்துவிட, எஞ்சியவர்கள் அந்த ஆண்டு ஜூன் இறுதியில் காலியை அடைந்து பணியிடங்களைப் பிரித்துக்கொண்டனர். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். எட்டு மாதங்களுக்குள், 1815 ஏப்ரலில், இங்கேயே இறந்தார். அந்தச் சில மாதங்களில் அவர் தொடங்கிய பள்ளிப் பணியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு வேர். பின்னர் வெஸ்லியன் மிஷனின் இலங்கைப் பணி சிங்களப் பகுதி, தமிழ்ப் பகுதி எனப் பிரிந்தபோது மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இந்த நிர்வாகத் தகவல் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் என் வாதத்துக்கு இதுவே முக்கியமான சோதனைக் களம். ஏனென்றால் தமிழ் விவிலிய வரலாற்றின் மிகப் பெயர்பெற்ற தோல்வி இந்த மிஷனின் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது.

அத்தோல்வி பீற்றர் பெர்சிவலின் மொழிபெயர்ப்பு. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பள்ளியை நடத்திய பெர்சிவல், வேதாகம சங்கத்தின் ஆதரவோடு முழு வேதாகமத்தையும் புதிதாகத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டார். அவருடைய மாணவரும் பின்னர் அப்பள்ளியின் ஆசிரியருமான ஆறுமுக நாவலர் இதில் முதன்மை உதவியாளர். நாவலரே பைபிளை மொழிபெயர்த்தார் என்று பலர் எழுதுவது மிகை. அது பெர்சிவலின் பொறுப்பில், பலரின் கருத்துக் கேட்டு நடந்த வேலை. ஆனால் வாக்கிய அமைப்பிலும் சொற்புணர்ச்சியிலும் நாவலரின் கை தெரியும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 1850இல் அது சென்னையில் அச்சாகி வந்தது. பரீட்சார்த்த மொழிபெயர்ப்பு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. அதற்கு இரண்டாண்டு முன்பே நாவலர் பெர்சிவலின் பள்ளியை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கிவிட்டார். விவிலியத்தில் அவர் பெற்ற பழுத்த அறிவு 1854இல் சைவதூஷண பரிகாரத்தில் மிஷனரிகளுக்கு எதிராகவே பயன்பட்டது. தமிழ்நாட்டு மிஷன்கள் பெர்சிவலின் பதிப்பை ஏற்கவில்லை. பழகிய வாசகத்திலிருந்து மிக விலகிவிட்டது, யாழ்ப்பாணச் சாயல் மிகுதி, பண்டிதர் நடை என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன.

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான போட்டியே இத்தோல்விக்குக் காரணம் என்பது நெடுநாள் விளக்கம். அதில் உண்மை உண்டு. பணம், அச்சகம், மிஷன்களின் எண்ணிக்கை எல்லாமே தமிழ்நாட்டுப் பக்கம்தான் இருந்தன. ஆனால் இவ்விளக்கம் ஒரு கேள்விக்கு விடை தரவில்லை. தமிழ்நாடு ஒதுக்கியதென்றால், ஈழம் ஏன் அதைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை? பெர்சிவல் வெஸ்லியன், மட்டக்களப்புச் சபையார் வெஸ்லியன், அவர் தமிழ் ஈழத்துத் தமிழ். கடல் கடந்த எதிர்ப்பு அந்நூலை இங்கே தடைசெய்ய முடியாது. இருந்தும் இன்று மட்டக்களப்பின் மெதடிஸ்த பிரசங்க பீடத்தில் இருப்பது பெர்சிவல் அல்ல, பவர். என் விளக்கம் இது. 1850இல் புதிய வாசகத்தைத் தாங்கிக்கொள்ளும் புதிய வழிபாட்டுச் சந்தர்ப்பம் எதுவும் ஈழத்தில் உருவாகவில்லை. இருந்த ஆராதனையே தொடர்ந்தது. அதில் பாடப்பட்ட கீர்த்தனங்களும் ஓதப்பட்ட மன்றாட்டுகளும் தரங்கம்பாடி, வேப்பேரி வழிவந்த சொற்களிலேயே நடந்தன. வேதவாசிப்பு மட்டும் தனியே வேறு தமிழில் வந்து நிற்க இடமில்லை. பெர்சிவலும் 1850களில் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறிச் சென்னை சென்று, தினவர்த்தமானியை நடத்தவும் கல்லூரியில் கற்பிக்கவும் தொடங்கினார். அவர் நூலை ஒவ்வொரு சபையிலும் வாசிக்க வைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

ஐக்கிய மொழிபெயர்ப்பு வென்றதற்கும் இதே அளவுகோல்தான். பவர் தமிழறியாதவர் அல்லர். சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் பதிப்பித்தவர் அவரே, உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றில் வரும் பவர் துரை இவர்தான். ஆனால் சிந்தாமணியைப் பதிப்பித்த அதே ஆள் வேதாகமத்தில் தன் புலமையைக் காட்டவில்லை. பப்ரிசியசை அடித்தளமாக வைத்துக்கொண்டு, ரேனியசையும் பெர்சிவலையும் ஒப்புநோக்கி, பல மிஷன்களும் யாழ்ப்பாணத்தாரும் பார்த்துச் சொன்ன கருத்துகளைச் சேர்த்து, காதுக்கு அந்நியமாகாத ஒரு வாசகத்தைக் குழு உருவாக்கியது. இங்கே ஒரு தடை எழும். காதின் பழக்கமே தீர்மானிக்கும் என்றால், பப்ரிசியசில் இருந்த பராபரன் போய் ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன் வந்தது எப்படி? கடவுளின் பெயரையே மாற்றியதைவிடப் பெரிய மாற்றம் என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. இரண்டு விடை உண்டு. ஒன்று, பெரும்பாலான மிஷன்கள் ஒருசேர ஏற்றதால் பள்ளி, ஞாயிறு பாடசாலை, பாட்டுப் புத்தகம், ஜெபப் புத்தகம் எல்லாவற்றிலும் ஒரே காலத்தில் மாற்றம் வந்தது. கேட்கும் சந்தர்ப்பமே முழுவதும் திரும்பியது. மற்றொன்று, அந்தக் கூட்டில் சேராத லுத்தரன் சபைகள் நெடுங்காலம் பப்ரிசியசையே வாசித்தன. அங்கே சந்தர்ப்பம் மாறவில்லை, பராபரனும் மாறவில்லை. தேவன் என்ற சொல் பெர்சிவலின் பதிப்பில் ஏற்கெனவே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் முழுவதும் தோற்றார் என்று சொல்வதும் பொருந்தாது. நூல் தோற்றது, அதன் முக்கியமான சொல் ஒன்று எதிர்த்தவர்களின் நூலில் ஏறி இன்றும் மட்டக்களப்பில் ஒலிக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய கதை அல்ல. கி.பி. 403 அளவில் அகுஸ்தீன் எரோணிமுசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், இன்றைய லிபியாவின் திரிப்பொலியில் நடந்த சம்பவத்தைச் சொல்கிறார். எபிரேயத்திலிருந்து எரோணிமுஸ் புதிதாக மொழிபெயர்த்த யோனா ஆகமத்தை ஆயர் ஒருவர் வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி, வழக்கமாகச் சுரையாகக் கேட்டது, வேறொரு கொடியாக மாறியிருந்தது. சபையில் கூச்சல். மந்தையே கைவிட்டுப் போகும் நிலை வரவே ஆயர் பின்வாங்கினார். எபிரேயம் தெரிந்தவர் எரோணிமுஸ்தான். ஆனால் அந்தப் பகுதி தலைமுறை தலைமுறையாக அங்கே ஓதப்பட்டு வந்தது. (நம் ஐக்கிய மொழிபெயர்ப்பில் அது ஆமணக்கு, அதற்காக யாரும் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை.) ஆங்கிலத்தில் இன்னும் கூர்மையான சான்று கிடைக்கிறது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பதிப்பு இன்று ஆங்கில இலக்கியத்தின் சிகரம் என்று போற்றப்படுகிறது. ஆனால் இங்கிலாந்துத் திருச்சபை 1662இல் தன் பொது ஜெபப் புத்தகத்தைத் திருத்தியபோது, நிருபங்களையும் நற்செய்திகளையும் 1611 பதிப்புக்கு மாற்றிவிட்டு, சங்கீதங்களை மட்டும் 16ஆம் நூற்றாண்டு மைல்ஸ் கவர்டேலின் பழைய மொழிபெயர்ப்பிலேயே விட்டுவிட்டது. சங்கீதங்கள் பாடகர் குழுவும் மக்களும் நாள்தோறும் பாடியவை. நாவுக்கும் காதுக்கும் பழகியவை. வாசிக்கப்பட்டவை மாறின, பாடப்பட்டவை மாறவில்லை. ஒரே நூலின் ஒரே திருத்தத்துக்குள் இந்த வேறுபாடு நிகழ்ந்தது என்பதால், பழமைப் பிடிப்பு என்ற பொதுவான காரணத்தை இங்கே சொல்லித் தப்ப முடியாது.

மட்டக்களப்பில் இதற்கு எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று உண்டு. எவரும் அதிகம் பேசாதது. வெஸ்லியன் மிஷனரி றொபர்ட் நியூஸ்டெட் நீர்கொழும்பில் பணியாற்றிய காலத்தில், ஐரோப்பிய வழிவந்த இலங்கைப் பறங்கியரின் வீட்டுமொழியான போர்த்துக்கீசக் கிரியோலில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1826இல் கொழும்பில் அது அச்சானது. அம்மொழி இன்று இலங்கையில் உயிரோடு இருக்கும் முக்கிய இடங்கள் மட்டக்களப்பும் திருகோணமலையும்தாம். மக்கள் பேசும் தாய்மொழியில் வேதம் கிடைத்தால் அவர்கள் அதை ஏற்பார்கள் என்ற கொள்கை சரியென்றால், அந்தப் புதிய ஏற்பாடு இந்த ஊரில் இன்றும் புழங்கவேண்டும். புழங்கவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களின் திருப்பலி இலத்தீனில் நடந்தது, பிறகு தமிழில் நடக்கிறது. கிரியோல் வீட்டிலும் கல்யாண வீட்டுக் கஃபிரிஞ்ஞா ஆட்டப்பாட்டிலும் வாழ்ந்தது. வேதத்தை உரக்க வாசிக்கும் மொழியாக அது ஒருபோதும் நிலைக்கவில்லை. வெஸ்லியர் சில இடங்களில் நடத்திய போர்த்துக்கீச ஆராதனைகள் நின்றபோது நூலும் நின்றது. மொழி பிழைத்து, அந்த மொழியின் வேதம் பிழைக்காமல் போன இந்த உதாரணம், தாய்மொழி என்ற ஒன்றே போதும் என்போர் யோசிக்கவேண்டியது.

கத்தோலிக்கர் பக்கம் மாற்றம் எளிதாக நிகழ்ந்ததன் காரணம் இப்போது தெளிவாகும். மட்டக்களப்பின் கத்தோலிக்க மறைப்பணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையாரிடம் வந்தது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைந்தது. மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல். 1960கள் வரை கத்தோலிக்கரின் காதில் வழிபாட்டு மொழியாக விழுந்தது இலத்தீன். தமிழில் கேட்டவை மறையுரையும் செபங்களும், பாடுகளைப் புலம்பிப் பாடும் தவக்காலப் பசாமும். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஆவணத்தை வெளியிட்டபின் திருப்பலி தமிழுக்கு வந்தது. குருவானவர் மக்களைப் பார்த்து நின்றார். மூன்றாண்டுச் சுழற்சியில் விவிலிய வாசகங்கள் வந்தன. பொதுநிலையினர் வாசக மேடையில் ஏறினர். கேட்கும் சந்தர்ப்பம் முழுவதும் புதியது. அங்கே மாற்றுவதற்குப் பழைய வாசகம் என்று ஒன்று ஆழமாக வேரூன்றியிருக்கவில்லை. எனவே சர்வேசுரன் கடவுளானதும், இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியானதும், பின்னர் 1995இல் திருவிவிலியம் வந்ததும் பெரிய கலக்கமின்றி நடந்தன. கத்தோலிக்கர் கட்டளைக்குப் பணிந்தார்கள் என்ற விளக்கம் இதனால் வலுவிழக்கிறது. கட்டளை வந்தது உண்மை; ஆனால் அதே கத்தோலிக்கர் தவக்காலப் புலம்பலின் பழைய தமிழை விடச் சம்மதிக்கவில்லை. அந்தச் சந்தர்ப்பம் மாறவில்லை என்பதே காரணம்.

பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக எளிமைப்படுத்தினால் எந்த மொழிபெயர்ப்பும் வெல்லும் என்பது இன்றைய மொழிபெயர்ப்புக் குழுக்கள் பலவற்றின் நம்பிக்கை. மட்டக்களப்பு இதற்கு ஒரு தனியான மறுப்பைத் தருகிறது. தமிழ்ப் பேச்சு வழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக அணுக்கமானது மட்டக்களப்பு வழக்கு என்று கமில் சுவலபில் கருதினார். அப்படியானால் இங்கேதான் எளிய நடைக்கும் ஏட்டு நடைக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஐக்கிய மொழிபெயர்ப்பின் வடமொழிச் சொற்கள் இங்கே அதிகம் உறுத்தியிருக்கவேண்டும். உறுத்தவில்லை. காரணம் தேவாலயத்துக்கு வெளியே இருக்கிறது. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து, குளிர்த்திச் சடங்கு முடியும்வரை கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. அதைக் கேட்கும் வயல்காரருக்கும் மீனவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கும் என்று யாரும் சொல்வதில்லை. விளங்குமாறு அதை எளிமையாக்கிப் பாடவேண்டும் என்றும் யாரும் கேட்பதில்லை. கோயிலில் ஓதப்படுவது தெருவில் பேசுவதுபோல் இருக்கக்கூடாது என்ற உணர்வு இந்தப் பிரதேசத்தில் சமயம் கடந்தது. வாவிக்கரைக் கிறித்தவர் இந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். மிஷன் பள்ளிகளை 1960–61இல் அரசு பொறுப்பேற்கும்வரை, காலைக் கூட்டங்களில் அந்த வேதத் தமிழைக் கேட்ட சைவப் பிள்ளைகளும் அதைச் சமயத்துக்குரிய தமிழாகவே எடுத்துக்கொண்டார்கள். அருள்மொழிக்கு ஒரு தூரம் வேண்டும் என்று மக்கள் விரும்பும்போது, அந்தத் தூரத்தைக் குறைப்பதைச் சேவை என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர் யாருடைய விருப்பத்தை நிறைவேற்றுகிறார் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

இன்னும் ஒரு தடை வலுவானது. இதெல்லாம் வேதாகம சங்கத்தின் அச்சும் விலையும் செய்த வேலை. எது மலிவாகக் கிடைத்ததோ அது நிலைத்தது, காது ஒரு சாக்கு என்று சொல்லலாம். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் லார்சனும் பிறகு மொனகனும் முன்னின்று திருத்திய பதிப்புகளை வெளியிட்டதும் வேதாகம சங்கம்தான். 1995இன் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து செய்தது. அதை வெளியிட்டதிலும் இந்திய வேதாகம சங்கத்துக்குப் பங்குண்டு. அதே கடையில், ஏறத்தாழ அதே விலையில் கிடைத்தும் புரட்டஸ்தாந்த ஆராதனையில் அவை பவரின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகள் மனனம் செய்யும் வசனம், புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, சுவரில் தொங்கும் நாட்காட்டி, கல்லறைக் கல்லில் பொறித்த வரி எல்லாம் ஐக்கிய மொழிபெயர்ப்பிலேயே இருக்கின்றன. என் வாதத்துக்குச் சற்று இடறலாக இருப்பது அண்மைக் காலச் சுயாதீன சபைகள். பழைய ஆராதனை முறை அவற்றுக்கு இல்லை; ஒலிபெருக்கியும் கீபோர்டும் புதியவை; ஆனாலும் அங்கே ஒலிப்பது பவரின் தமிழ்தான். சந்தர்ப்பம் மாறியும் வாசகம் மாறவில்லையே என்றால், அச்சபைகளின் பிரசங்க முறையைப் பார்க்கவேண்டும். போதகர் வசனத்தைத் தொடங்க, சபை அதை முடிக்கும். முடிப்பதற்கு மனனம் வேண்டும். மனனம் பழைய சபையிலிருந்தும் தமிழ்நாட்டுப் பிரசங்கிகளின் ஒலிநாடாவிலிருந்தும் வந்தது. மேடை புதியது, கேட்பவரின் நினைவு பழையது. இதனால் என் வாதம் முழுவதும் வீழ்ந்துவிடாது என்றாலும், சந்தர்ப்பம் என்பதை வழிபாட்டு முறை என்று மட்டும் குறுக்கிக்கொள்ளக்கூடாது என்று ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

இதை உறுதியாக நிறுவ வேண்டிய சான்றுகள் நூலகங்களில் இல்லை. பிரசங்க பீடத்தில் இருந்த பழைய வேதாகமங்களின் ஓரங்களில் இருக்கின்றன. வாசிப்பவர் நிறுத்தவேண்டிய இடத்தில் இட்ட கோடு, ஒரு சொல்லை அடித்து மேலே எழுதிய பழைய சொல், தேய்ந்த பக்கம், தேயாத பக்கம் ஆகியவற்றிலிருந்து 1850இன் பதிப்பு இந்தக் கரையில் எத்தனை காலம், எப்படி வாசிக்கப்பட்டது என்று அறிய முடியும். 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 ஆழிப்பேரலையிலும் இடையிலான போர்க்காலத்திலும் மட்டக்களப்பின் கோயில்களும் வீடுகளும் இழந்த ஏடுகளுக்குக் கணக்கில்லை. எஞ்சியவை இப்போது பாட்டன் பெட்டியிலோ கோயில் அலுமாரியிலோ கிடக்கின்றன. கல்லடி, புளியந்தீவு, களுவாஞ்சிக்குடி, கல்முனை எங்கேயாயினும் பெர்சிவலின் பதிப்போ, ஒல்லாந்தர் காலத் தமிழ் ஏற்பாடோ, நியூஸ்டெட்டின் போர்த்துக்கீசப் புதிய ஏற்பாடோ ஒரு பிரதி இருந்தால், பைண்டு செய்யக் கொடுப்பதற்கு முன், பக்க ஓரங்களை வெட்டுவதற்கு முன், ஈழத்து ஏடுகளை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்திடமோ கிழக்குப் பல்கலைக்கழகத்திடமோ ஒருமுறை காட்டுங்கள்.